தரவுத்தளம் சொல்லும் ஐந்து எழுத்துச் செய்தி

பரிசளிப்பு விழாவில் வாங்கிய சான்றிதழில் உங்கள் பெயர் பாதியோடு நின்றிருந்தால் எப்படி இருக்கும்? "கணினி எந்தப் பிழையும் காட்டவில்லையே" என்பார் அச்சிட்டவர். தரவுத்தளம் சொல்லித்தான் இருக்கும். நிரல் அதைக் கேட்டிருக்காது.

'சி', கோபோல் போன்ற மொழிகளில் எழுதும் நிரலுக்குள்ளேயே தரவுத்தளக் கட்டளைகளையும் எழுதலாம். இதுவே உட்பொதிந்த எஸ்கியூஎல். ஒவ்வொரு கட்டளையும் முடிந்ததும் தரவுத்தளம் ஒரு நிலைக் குறியீட்டைத் தரும். அதைப் பார்க்கும்படி நாம் எழுதாவிட்டால், நிரல் பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடும்.

முதலில் 'எஸ்கியூஎல்கோட்' என்னும் எண் இருந்தது. 0 என்றால் வெற்றி. 100 என்றால் தேடிய தரவு இல்லை. எதிர்ம எண் என்றால் பிழை. ஆனால் ஒரே பிழைக்கு ஒவ்வொரு நிறுவனத்தின் மென்பொருளும் வெவ்வேறு எண்ணைத் தந்தது. எனவே 1992ஆம் ஆண்டுத் தர விதிகளில் 'எஸ்கியூஎல்ஸ்டேட்' என்ற ஐந்து எழுத்துக் குறியீடு வந்தது. அதில் முதல் இரண்டு எழுத்துகள் வகையைக் காட்டும்:

00 – வெற்றி
01 – எச்சரிக்கை
02 – தரவு இல்லை
மற்றவை – பிழை

கடைசி மூன்றும் விவரத்தைச் சொல்லும்.

இனி சான்றிதழுக்கு வருவோம். நம் பெயரோடு தந்தை பெயரும் சேர்வதால் நீளம் அதிகம். உங்கள் பெயரில் 35 எழுத்துகள். நிரல் ஒதுக்கிய இடமோ 20 எழுத்துகளுக்குத்தான். தரவுத்தளத்திலிருந்து பெயரைப் படிக்கும்போது கொண்ட மட்டும் நிரப்பி, மீதியை வெட்டிவிட்டு, 01004 என்ற குறியீடு வரும். இது எச்சரிக்கைதான், வேலை நிற்காது. இதே பெயரை, 20 எழுத்துகளே கொள்ளும் தரவுத்தளப் பத்தியில் எழுத முயன்றால் 22001 வரும். அது பிழை, பெயர் பதிவாகாது.

எது ஆபத்து? பிழை வந்தால் வேலை நடக்காது. தேடிப் பார்த்துத் திருத்துவோம். எச்சரிக்கையில் எல்லாம் சரியாக நடந்ததுபோல் தோன்றும். தவறு அச்சாகி மேடைவரை வந்துவிடும்.

பிழை வந்தால் எங்கே போக வேண்டும் என்று 'வென்எவர்' கட்டளையால் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அதோடு நின்றுவிடாமல், 01இல் தொடங்கும் குறியீடுகளையும் சோதியுங்கள்.

இப்போது நீங்களே சொல்லுங்கள்: சுழியத்தால் வகுத்தால் 22012 வரும். இது எச்சரிக்கையா, பிழையா?