திரைக்கேற்ற பக்கம்

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், கருநாடகத்தை அடுத்து விளங்கும் தொழில் நகரம் ஓசூர். சரக்குந்துகளும், இருசக்கர ஊர்திகளும், கைக்கடிகாரங்களும் அங்கே உருவாகின்றன. அந்நகரத் தொழிற்சாலை ஒன்று வேலை அறிவிப்பை இணையத்தில் வெளியிடுவதாகக் கொள்க. அலுவலர் அதனை மேசைக் கணிப்பொறியின் அகன்ற திரையில் காண்கின்றார். கிருஷ்ணகிரியை அடுத்த சிற்றூர் இளைஞரோ கைப்பேசியின் சிறு திரையில் காண்கின்றார். ஒரே பக்கம் இருவர்க்கும் எங்ஙனம் பொருந்தும்?

முன்னர்க் கைப்பேசிக்கெனத் தனிப் பக்கம் அமைப்பதே பலரது வழக்கமாக இருந்தது. 2010-ஆம் ஆண்டில் ஈத்தன் மார்கோட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் வேறொரு வழியைக் காட்டினார். பத்திகளின் அகலத்தை விழுக்காட்டால் வகுத்தல், படங்கள் இடத்திற்கேற்பச் சுருங்குமாறு செய்தல், திரையின் அகலத்தை அறிந்து அதற்குரிய விதிகளைக் கையாளுதல் என்னும் மூன்றும் அதன் கூறுகள். அகன்ற திரையில் அருகருகே நிற்கும் மூன்று பத்திகள், சிறு திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுங்கும்.

இம்முறையால் விளையும் நன்மை பெரிது. விண்ணப்பத்திற்குரிய இறுதி நாள் மாறின், ஓரிடத்தில் திருத்தினாற் போதும். பக்கங்கள் இரண்டாயின், ஒன்று திருந்தி மற்றொன்று திருந்தாது நிற்றல் கூடும். அப்பிழையால் இளைஞர் ஒருவர் வேலைவாய்ப்பையே இழக்க நேரும்.

ஆயினும் குறைகளும் உள. நீர் தான் புகுந்த கலத்தின் வடிவை ஏற்கும். அதனால் அதன் எடை குறைவதில்லை. அவ்வாறே, தனி ஏற்பாடு செய்யாவிடின், சிறு திரையில் சுருங்கித் தோன்றும் படமும் முழு அளவிலேயே வந்து இறங்கும். அலைத்தொடர்பு மெலிந்த ஊர்களில் இதனாற் காலமும் பொருளும் வீணாகும். பல நிரல்கள் கொண்ட ஊதிய அட்டவணை குறுகிய திரையில் அடங்காது. மேலும், எல்லைப் பகுதியாகிய ஓசூரில் தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் வழங்குகின்றன. மொழிதோறும் சொல்லின் நீளம் வேறுபடும். ஆங்கிலச் சொல்லுக்கென அளந்த பொத்தானில் ‘விண்ணப்பிக்கவும்’ என்னும் தமிழ்ச்சொல் அடங்காது சிதையலாம்.

இக்குறைகள் நீக்க இயலாதன அல்ல. ஒரு படத்தைப் பல அளவுகளில் அமைத்துத் திரைக்குரியதை மட்டும் அனுப்பலாம். இன்றியமையாச் செய்தியை முதலில் வைக்கலாம். விலை குறைந்த கைப்பேசியிலும் பக்கத்தைச் சோதித்துப் பார்க்கலாம். இவற்றுக்கு உழைப்பும் பொறுமையும் வேண்டும். வடிவால் மட்டுமன்றி எடையாலும் திரைக்கேற்றதாய் அமையும் பக்கமே, அலுவலர்க்கும் சிற்றூர் இளைஞர்க்கும் ஒருங்கே பயன்தரும்.