தொழில்சாரா கோல்ப் வீராங்கனை: லிடியா கோ

கோல்ப் ஆட்டத்தில் 18 குழிகளிலும் மிகக் குறைந்த அடிகளில் பந்தைச் சேர்ப்பவரே வெற்றியாளர். இதனைப் பரிசுப் பணம் பெறாது ஆடுபவர் தொழில்சாரா வீரர் எனப்படுவார். இதனைத் திறமை குறைந்தவர் என மாணவர் சிலர் பொருள்கொள்வர், அது தவறு. லிடியா கோ இதற்குத் தக்க உதாரணமாவார்.

1997இல் தென்கொரியாவில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்த இவர், 2012 ஜனவரியில், 14 வயதில், அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகிரங்கப் போட்டியில் தொழில்முறை வீராங்கனைகளைத் தோற்கடித்து முதலிடம் பெற்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் கனடிய மகளிர் பகிரங்கப் போட்டியையும் 3 அடிகள் வித்தியாசத்தில் வென்றார். அப்போது பாடசாலை மாணவியான அவருக்கு வயது 15. எல்.பி.ஜி.ஏ. எனப்படும் மகளிர் தொழில்முறைச் சங்கத்தின் போட்டியொன்றைத் தொழில்சாரா வீராங்கனை ஒருவர் வென்றது 1969இற்குப் பின்னர் அதுவே முதற்தடவையாகும். ஆயினும் முதற்பரிசான 300,000 அமெரிக்க டொலரில் ஒரு சதமேனும் அவருக்குக் கிடைக்கவில்லை. விதிப்படி அத்தொகை இரண்டாமிடம் பெற்ற தென்கொரியாவின் இன்பி பார்க்கைச் சென்றடைந்தது. அடுத்த ஆண்டும் அதே போட்டியை வென்றார், அப்போதும் பணமில்லை.

2013 ஒக்டோபரிலேயே அவர் தொழில்முறை ஆட்டத்துக்கு மாறினார். 2015 பெப்ரவரியில், 17 வயதில், உலகத் தரவரிசையில் முதலிடத்தை அடைந்தார். 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்றார்.