விண்வெளியில் உடல்நிலை காணுங் கருவிகள்

நோயாளியைத் தராசிலேற்றி நிறை காண்பது வைத்தியசாலைகளில் முதற் செயல்களுள் ஒன்று. பூமியைச் சுற்றும் விண்கலத்தில் அவ்வெளிய செயலே இயலாதாகின்றது. அங்கே ஈர்ப்பு இல்லையென மாணவர் பலர் விடையெழுதுவர், அது பிழை. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்திலும் புவியீர்ப்பிற் பத்தில் ஒன்பது பங்கு எஞ்சியுள்ளது. கலமும் அதிலுள்ளாருந் தராசும் ஒருங்கே வீழ்ந்தவண்ணம் இருத்தலின், தராசின் தட்டை எவருடலும் அழுத்துவதில்லை.

1973 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா செலுத்திய ஸ்கைலாப் நிலையத்தில் இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்த முறை நம் பௌதிக ஆய்கூடத்துக்கு அயலானதன்று. விற்சுருளோடு பொருத்திய இருக்கையில் வீரர் தம்மைப் பிணித்துக்கொள்வர். இருக்கையை இழுத்துவிட, அது முன்னும் பின்னும் அலையும். அலைவுகாலத்தின் வர்க்கம், இருக்கையுஞ் சேர்ந்த திணிவுக்கு நேர்விகிதசமமாதலின், காலத்தை அளந்தே திணிவைக் கணித்தனர். நிறை புலப்படாத இடத்திலுந் திணிவு மறைவதில்லை என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று யான் அறியேன். விண்வெளியில் வீரர் உடல் மெலிவது பெரும்பான்மையாதலின், இது வெறும் வேடிக்கையுமன்று.

குருதியின் போக்கும் அங்கு மாறுகின்றது. பூமியிற் கால்களை நோக்கி இறங்கும் குருதி அங்கே தலைப்பக்கந் திரள, முகம் வீங்கிக் கால் மெலியும். இதனாற் கழுத்து நாளங்களுக்கு நேர்வது யாதென அறியச் சர்வதேச விண்வெளி நிலையத்திற் கழியொலிக் கருவியைப் பயன்படுத்தினர். செவிக்கெட்டாத ஒலியை உடலுட் செலுத்தி, அதன் எதிரொலியைப் படமாக்குங் கருவி அது. தீங்கு விளைக்குங் கதிர்கள் இதில் இல்லை. வைத்தியர் எப்போதும் உடன் செல்வதில்லை. வீரரே கருவிமுனையைத் தம் கழுத்தில் வைக்க, பூமியிலுள்ள நிபுணர் படத்தை நோக்கி, கையை எப்பக்கம் நகர்த்துவதெனச் சொல்லுவர்.

2019 இல் வெளிவந்த ஆய்வின்படி, 11 வீரருள் அறுவரின் கழுத்து நாளத்திற் குருதி தேங்கியோ பின்னோக்கி ஓடியோ இருந்தது. ஒருவருக்கு, பயணந் தொடங்கி இரண்டு மாதமளவில், அந்நாளத்திற் குருதி உறைந்து கட்டியாயிருந்தது. அவருக்கு நோவோ வேறு குறியோ இல்லை. அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்திருப்பின் உயிருக்கே இடராகியிருக்கும். கருவியன்றி அதனை அறிந்திருப்பார் எவருமிலர்.

கலத்திலிருந்த ஊசிமருந்தோ சிறிது. குப்பியிலிருந்து அதனை உறிஞ்சுவதும், திரவம் தன் மேற்பரப்பிழுவிசையாற் சுவரைப் பற்றி நிற்கும் அவ்விடத்தில், எளிதன்று. சரக்குக்கலம் மாத்திரைகளைக் கொணரும்வரை, ஏறத்தாழ 40 நாள், அதனையே சிக்கனமாகச் செலுத்தினர். வீரர் பூமிக்கு மீண்ட பத்தாம் நாள் நோக்கியபோது கட்டி மறைந்திருந்தது.