உப்பு மூட்டைக்கு பில் எதற்கு?

மரக்காணத்துக் கடைத்தெருவில் இரவு கடையடைக்கும் நேரத்தில் ஒரு சுற்று சுற்றி வந்தால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். அரிசி, பருப்பு, சர்க்கரை மூட்டைகளை எல்லாம் உள்ளே இழுத்துப் போடும் மளிகைக்காரர், உப்பு மூட்டையை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போவார். உப்பை யாரும் திருட மாட்டார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு. விளக்கு வைத்த பிறகு உப்பு விற்பதில்லை என்று இன்றும் சில கடைகளில் பழக்கம் உண்டு. இத்தனை மரியாதை கொடுக்கும் சரக்குக்கு நாம் கொடுக்காதது ஒன்றே ஒன்றுதான்: பில்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. உப்புக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 2017-ஆம் ஆண்டு ஜூலையில் அந்த வரி வந்த நாளிலிருந்தே உப்பு வரியில்லாச் சரக்குதான். வரி இல்லாத சரக்குக்கு பில் எதற்கு என்று மொத்த வியாபாரியும் கேட்பதில்லை, சில்லறை வியாபாரியும் கேட்பதில்லை. துண்டுச் சீட்டில் 'உப்பு 5 மூட்டை' என்று எழுதி, கூட்டுத் தொகை போட்டு, வண்டியில் ஏற்றிவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் செய்துவந்தோம். அதனால் ஒருவருக்கு நேர்ந்ததை எழுதவே இந்தக் கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் சரக்கெடுக்கும் சிறு கடைக்காரர் ஒருவர் காலையில் கிடங்கு திறக்கும் முன்பே வந்து நின்றார்.

"அண்ணே, ஆடி மாசம் எடுத்த உப்புக்கு ஒரு பில் வேணும்."

"உப்புக்கு ஏதுப்பா பில்? சீட்டுதானே குடுத்தோம்?"

அவர் மடியிலிருந்து ஒரு நோட்டீசை எடுத்து நீட்டினார். அவர் கடையில் உணவு பாதுகாப்பு அலுவலர் உப்பு மாதிரி எடுத்துச் சென்றிருக்கிறார். அயோடின் அளவு போதவில்லை என்று பகுப்பாய்வு அறிக்கை வந்திருக்கிறது. வந்த அறிக்கையை அவர் கல்லாப் பெட்டியில், பழைய ரசீதுகளோடு போட்டுவிட்டார். இரண்டு மாதத்துக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. பிறகுதான் மாவட்ட வருவாய் அலுவலர் முன் விசாரணைக்கு வரும்படி விழுப்புரத்திலிருந்து நோட்டீஸ் வந்தது.

எங்கள் கணக்குப்பிள்ளை, "பழைய தேதியில் ஒன்று எழுதிக் கொடுத்துவிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். எழுதியிருந்தால் அவரோடு நாங்களும் சேர்ந்து மாட்டியிருப்போம். முன்தேதி பில் என்பது உதவி அல்ல, பொய் ஆவணம். மறுத்துவிட்டோம். விசாரணையில் யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு எங்கள் பெயரைச் சொன்னார். காட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. ஒரு மாத வருமானத்துக்கும் மேலான தொகையை அபராதமாகக் கட்டினார். அதில் பாதியை அவர் பற்றிலிருந்து நாங்கள் கழித்துவிட்டோம். அது நியாயமா, தர்மமா என்று இன்றுவரை எங்களுக்கே தெளிவில்லை. ஆனால் பில் கொடுத்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

அதன் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் உட்கார்ந்து சட்டத்தைப் படித்துக் கேட்டோம். உணவு பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டு, 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 26-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவு நமக்காகவே எழுதியது போல் இருக்கிறது. உணவுப் பொருளை வியாபாரிக்கு விற்பவர் அதன் தன்மைக்கும் தரத்துக்கும் எழுத்து மூலம் உத்தரவாதம் தரவேண்டும். தனியாக உத்தரவாதம் எழுதாவிட்டாலும், அவர் கொடுக்கும் பில்லே, ரொக்கச் சீட்டே உத்தரவாதமாகக் கருதப்படும் என்கிறது அது. வரிக்காக மட்டும் பில் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். சட்டமோ பில்லைச் சரக்குக்கான ஜாமீனாக வைத்திருக்கிறது. அதே சட்டத்தின் 80-ஆவது பிரிவில், சரக்கைத் தானே தயாரிக்காத விற்பனையாளர், தவறு வேறொருவரால் நேர்ந்தது, தாம் செய்யவேண்டிய கவனத்தைச் செய்தோம் என்று எதிர்வாதம் வைக்க இடம் இருக்கிறது. அந்த வாதத்துக்கு முதல் சாட்சி பில்தான். யாரிடம் வாங்கிய சரக்கு என்றே காட்ட முடியாவிட்டால், 27-ஆவது பிரிவின்படி பொறுப்பு விற்றவர் தலையில் விழுகிறது.

இது புதிதாக வந்ததும் அல்ல. பழைய 1954-ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்திலும் 'வாரண்டி' என்று ஒன்று இருந்தது. எண்ணெய், நெய் கம்பெனிகளின் பில்லில் அச்சிட்டு வரும் வாரண்டி வாசகத்தை மூத்த வியாபாரிகள் பார்த்திருப்பார்கள். அன்று வழக்கு குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகும், குறைந்தபட்சம் 6 மாதம் சிறை என்ற பயம் இருந்தது. அதனால் வாரண்டியைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். இன்று தரக்குறைவான சரக்குக்குச் சிறை இல்லை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று ஆனபின் பயம் போயிற்று, பழக்கமும் போயிற்று.

இனி உப்புக்கு வருவோம். சட்டப்படி உற்பத்தி நிலையில் பத்து லட்சம் பங்கில் 30 பங்குக்குக் குறையாமலும், சில்லறைக் கடையில் 15 பங்குக்குக் குறையாமலும் அயோடின் இருக்கவேண்டும். வழியில் குறையும் என்று தெரிந்துதான் இரண்டு அளவு வைத்திருக்கிறார்கள். ஈரமும் காற்றும் பட்டால் அயோடின் போய்விடும். வாசலில் வாய் திறந்து கிடக்கும் மூட்டை ஐப்பசி மழையில் நனைந்து கசிந்தால் என்ன மிஞ்சும் என்று நாமே யோசித்துக்கொள்ளலாம். திருடன் வராவிட்டாலும் மழை வருகிறதே! மேலே சொன்ன நண்பரின் மூட்டையும் வாசலில் கிடந்ததுதான். பில் இருந்திருந்தாலும் இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டியிருந்திருக்கும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

"அயோடின் உப்புச் சட்டத்தைத்தான் சுப்ரீம் கோர்ட்டே ரத்து செய்துவிட்டதே" என்று சொல்பவர்கள் நம்மில் உண்டு. பாதி உண்மை. அயோடின் சேர்க்காத உப்பை மனிதர் உண்ண விற்கக்கூடாது என்று மத்திய அரசு 1998-இல் தடை போட்டது, 2000-இல் எடுத்தது, 2006 மே முதல் மீண்டும் போட்டது. இதை எதிர்த்து 'அகாடமி ஆஃப் நியூட்ரிஷன் இம்ப்ரூவ்மென்ட்' என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2011 ஜூலை 4 அன்று தீர்ப்பு வந்தது. சாதாரண உப்பு உடலுக்குக் கேடானது அல்ல, ஆகவே கலப்படத் தடுப்புச் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு அதை விற்காதே என்று விதி செய்ய முடியாது என்பது தீர்ப்பின் சாரம். விதி செல்லாது என்ற உச்ச நீதிமன்றம், அரசு மறுபரிசீலனை செய்வதற்காக அந்தத் தடை ஆறு மாதம் தொடரலாம் என்றும் சொன்னது. ஆறு மாதம் முடியும் முன்பே, அடுத்த மாதமே, புதிய சட்டமும் அதன் கீழ் புதிய ஒழுங்குமுறையும் வந்து அதே தடையைக் கொண்டுவந்துவிட்டன. தீர்ப்பின் தலைப்பை மட்டும் கேட்டு வியாபாரம் செய்தவருக்கு யார் துணை?

அந்த ஒழுங்குமுறையிலேயே நம் கடற்கரைக்கு வேண்டிய விலக்கு ஒன்று இருக்கிறது. கால்நடைக்கு, தொழிற்சாலைக்கு, மருந்து தயாரிப்புக்கு, பதனிடுவதற்கு என்று விற்கும் உப்பில் அயோடின் தேவையில்லை. ஆனால் மூட்டையில் அந்த உபயோகம் இன்னதென்று லேபிள் இருக்கவேண்டும். நம் ஊர்க் கடைகளில் கருவாடு போடும் பெண்கள் மூட்டைக் கணக்கில் வாங்கும் உப்பு இந்த வகைதான். அதே கடையில், அதே மூலையில், சமையலுக்கான உப்பும் இருக்கும். மூட்டையின் வாயை மடித்துவிட்டால் லேபிள் உள்ளே போய்விடும். பிறகு எது எதற்கு என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

இப்படித்தான் மீனவர் குப்பம் ஒன்றில் கணவரை இழந்து தனியாகக் கடை நடத்தும் அம்மையார் ஒருவர் சிக்கிக்கொண்டார். மாதிரி எடுத்தது கருவாட்டு உப்பு மூட்டையிலிருந்து. நோட்டீஸ் வந்த செய்தி எப்படியோ பரவி, 'முடித்துத் தருகிறேன்' என்று ஒரு தரகரும் வந்து சேர்ந்தார்.

"அண்ணே, பத்தாயிரம் கேக்கறாரு. குடுத்துடட்டுமா?" என்று எங்களிடம் வந்தார்.

"ஒரு பைசா குடுக்காதேம்மா. நோட்டீசும் பில்லும் எடுத்துக்கிட்டு நாளைக்குக் காலையில வா" என்றோம். ஆம், இந்த முறை பில் இருந்தது. 'பதனிடும் உபயோகத்துக்கு' என்று எங்கள் பில்லிலேயே எழுதியிருந்தது. முதலாமவருக்கு நேர்ந்ததிலிருந்து கற்றது.

மறுநாள் 35 கிலோமீட்டர் அளவில் இருக்கும் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினோம். அங்கே நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. இலவச சட்ட உதவி என்றால் ஏழைகளுக்கு மட்டும், கல்லாப் பெட்டி வைத்திருக்கும் நமக்கு இல்லை என்பது நம்மவர் எண்ணம். நாங்களும் அப்படியே எண்ணியிருந்தோம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 12-ஆவது பிரிவைப் பார்த்தால் பெண்கள் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே சட்ட உதவி உண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டு நொடித்தவர்களுக்கும் உண்டு. தானே புயலும் (2011), பெஞ்சல் புயலும் (2024) பார்த்த நம் கரைக்கு இது சாதாரண விஷயமா? மற்றவர்களுக்கு அரசு வைத்துள்ள வருமான வரம்புக்குள் இருந்தால் உண்டு. நம் கடைகளில் எத்தனை கடை வீட்டுப் பெண்கள் பெயரில் பதிவாகி நடக்கிறது! அந்தப் பெண்மணி தம் பெயரில் நேரே போய்க் கேட்கலாம். நீதிமன்ற வழக்குக்கு மட்டுமல்ல, மாவட்ட வருவாய் அலுவலர் போன்ற தீர்ப்பளிக்கும் அலுவலர் முன் நடக்கும் விசாரணைக்கும், வெறும் ஆலோசனைக்கும்கூட இந்தச் சட்டம் பொருந்தும்.

அம்மையாருக்குக் குழுவின் பட்டியலிலிருந்து ஒரு வழக்கறிஞர் நியமிக்கப்பட்டார். கட்டணம் இல்லை. பில்லை இணைத்து எழுத்து மூலம் பதில் தாக்கல் செய்தார். லேபிள் வெளியே தெரியும்படி வைக்காதது தவறுதான் என்பதால் முழுதாக விடுதலை கிடைக்கவில்லை. சிறு தொகை ஒன்று கட்டச் சொன்னார்கள். தரகர் கேட்டதில் பாதிகூட இல்லை.

வழக்கறிஞர் சொன்னதில் எல்லோருக்கும் பயன்படும் சிலவற்றை எழுதுகிறோம். மாதிரி எடுக்க வரும் அலுவலரைத் தடுக்கக்கூடாது. அது தனிக் குற்றம். எடுத்த சரக்குக்குக் கடை விலை தரவேண்டியது அவர் கடமை. மாதிரியை நான்கு பகுதியாகப் பிரித்து முத்திரை வைப்பார். ஒரு பகுதியை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி நாம் அப்போதே கேட்கலாம். செலவு நம்முடையது. கேட்டால்தான் போகும். கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். எந்த மூட்டை, எதற்கான உப்பு என்று எழுதச் சொல்லுங்கள். பகுப்பாய்வு அறிக்கை கிடைத்த 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்தால், மாதிரியின் இன்னொரு பகுதியை மேலாய்வு ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்க வழியுண்டு. நம் முதல் நண்பர் கல்லாப் பெட்டியில் தொலைத்தது இந்த 30 நாட்களைத்தான். சில்லறைக் கடைக்காரர்களின் சிறு தவறுகளை, சிறைத் தண்டனை இல்லாதவையாக இருந்தால், தொகை கட்டி இணக்கமாக முடித்துக்கொள்ளவும் 69-ஆவது பிரிவு இடம் தருகிறது.

கடன் பாக்கி, திரும்பி வந்த செக் போன்றவற்றுக்கு மக்கள் நீதிமன்றம் இருப்பதைப் பலரும் அறிவார்கள். வழக்குப் போடும் முன்பே அங்கே போகலாம். அங்கே ஆகும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதற்கு மேல்முறையீடும் இல்லை. அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ போவதானால் நோட்டீஸ், கடைப் பதிவுச் சான்று, கொள்முதல் பில், மூட்டை லேபிள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். போகுமுன் ஏதும் கேட்க வேண்டுமானால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அறிக்கை வந்த தபால் உறையைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். அறிக்கை கைக்கு வந்த தேதியை எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். 30 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது.