பேப்பூரும் லட்சத்தீவும்

கோழிக்கோட்டுக்குத் தெற்கே சாலியாறு அரபிக்கடலில் சங்கமமாகும் முகத்துவாரத்தில் அமைந்த பேப்பூரை, கொச்சியின் விஸ்தாரத்தைக் கண்டு பழகியவர்கள் ஒரு துறைமுகம் என்று ஒப்புக்கொள்ளவே தயங்குவார்கள். ஆயினும், மேற்கே நடுக்கடலில் சிதறிக் கிடக்கும் லட்சத்தீவில் ஜனங்கள் வசிக்கும் 10 தீவுகளுக்கும் வேண்டிய அரிசி, காய்கறி, சிமென்ட், ஜல்லி முதலான சாமான்களில் கணிசமான பாகம் இச்சிறு துறையிலிருந்தும் மங்களூரின் பழைய துறையிலிருந்துமே போகிறது.

தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகளுக்கு உட்புறம் நீர் ஆழமற்றிருப்பதால், பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டுச் சரக்கைப் படகுகளுக்கு மாற்ற நேர்கிறது. ஆனால் சில நூறு டன் மாத்திரம் ஏற்றும், இன்று இயந்திரம் பொருத்தப்பட்ட மரக்கலங்களோ கரையை நெருங்கிச் சாமான்களை இறக்கிவிட்டு, திரும்புகையில் கொப்பரையை ஏற்றி வருகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று சீறும் மாதங்களில் இம்மரக்கலங்களின் பிரயாணம் நிறுத்தப்படுவதால், மே மாத நடுவுக்குள் தீவுகளின் கிடங்குகள் நிரம்பியாக வேண்டும்; அதற்கு முந்தைய வாரங்களில் துறையில் சுமைத் தொழிலாளர்களுக்கு ஓய்வேது!

முகத்துவாரத்தில் ஓயாமல் படியும் மணலைத் தூர்வார ஆகும் செலவை, ஏறி இறங்கும் டன் கணக்கோடு மட்டும் ஒப்பிட்டு இத்துறையை நஷ்டம் என்று தீர்ப்பளிப்பது, அரிசிக்காகக் காத்திருக்கும் தீவினரைக் கணக்கில் சேர்க்காத அநியாயமாகும்.