கோப்பின் கைரேகை

நுழையும்முன்

தேர்வறைக்கு வருபவர் தம் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. நுழைவுச்சீட்டையும் காட்ட வேண்டும். கணினிக்குள் வரும் கோப்புகளையோ நாம் பெரும்பாலும் பெயரைக் கொண்டே நம்பிவிடுகிறோம். ஒரு கோப்பு அதன் பெயருக்கு உரியதுதானா என்பதை எவ்வாறு அறிவது?

பெயர் போதுமா?

2016 பிப்ரவரி 20 அன்று, லினக்ஸ் மின்ட் என்னும் இயக்க அமைப்பின் இணையதளத்தில் ஊடுருவியோர், பதிவிறக்க இணைப்பை மாற்றியமைத்தனர். அதன்வழிப் பதிவிறக்கியோருக்கு, அயலார் கணினிக்குள் நுழையக் கள்ளவழி வைக்கப்பட்ட போலித் தொகுப்பே கிடைத்தது. உண்மையான தொகுப்புகளின் ஹேஷ் மதிப்புகளை வெளியிட்ட உருவாக்குநர்கள், அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு பயனர்களை வேண்டினர்.

ஹேஷ் என்பது யாது?

எவ்வளவு பெரிய கோப்பையும் குறிப்பிட்ட நீளமுள்ள எண்ணாகச் சுருக்கும் கணித முறையே ஹேஷ். எஸ்எச்ஏ 256 என்னும் முறை 256 பிட் நீளமுள்ள எண்ணைத் தரும். பதினாறு நிலை எண் முறையில் எழுதினால் அது 64 குறியீடுகளாக அமையும். கோப்பின் பெயரை மாற்றினாலும் ஹேஷ் மாறாது; உள்ளடக்கத்தில் ஒரே ஒரு பிட் மாறினாலும் ஹேஷ் முற்றிலும் வேறாகிவிடும். ஹேஷிலிருந்து மூலக் கோப்பை மீட்டெடுக்க இயலாது.

அறிந்த கோப்புகளின் பட்டியல்

அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம், தேசிய மென்பொருள் மேற்கோள் நூலகத்தைப் பேணி வருகிறது. வெளியான மென்பொருள்களின் கோப்புகளுக்குரிய ஹேஷ்கள் அதில் தொகுக்கப்பட்டுள்ளன. கைப்பற்றிய கணினியை ஆராயும் புலனாய்வாளர், அதிலுள்ள கோப்புகளின் ஹேஷ்களை இப்பட்டியலோடு ஒப்பிடுவார். அறிந்த கோப்புகளை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றில் கருத்தைச் செலுத்துவார். எனினும், 'அறிந்தது' என்பதற்கு 'நல்லது' என்று பொருளில்லை. தீய நோக்கிற்குப் பயன்படக்கூடிய கருவிகளும் அந்நூலகத்தில் உண்டு. இது இன்ன கோப்பு என்று மட்டுமே ஹேஷ் கூறும். அதன் நன்மை தீமைகளைக் கூறாது.

தேய்ந்த உரைகற்கள்

ஹேஷ் முறைகளும் காலப்போக்கில் வலுவிழக்கின்றன. எம்டி 5 என்னும் முறையில் இருவேறு தரவுகள் ஒரே ஹேஷைத் தர முடியும் என்பதை, 2004இல் சீன ஆய்வாளர் சியாவ்யுன் வாங் குழுவினர் மெய்ப்பித்தனர். ஒரே எஸ்எச்ஏ 1 மதிப்பைக் கொண்ட இருவேறு கோப்புகளை, ஆம்ஸ்டர்டாமின் ஆய்வு நிறுவனம் ஒன்றும் கூகுளும் இணைந்து 2017இல் உருவாக்கிக் காட்டின. எனவே, ஏமாற்று வேலைகளைத் தடுக்க இவ்விரு முறைகளையும் நம்பியிருத்தல் தகாது.

பட்டியலுக்குச் சான்று

கோப்பை மாற்றியவர், அதே தளத்திலுள்ள ஹேஷையும் மாற்றிவிட்டால் என்ன செய்வது? இச்சிக்கலுக்கு டெபியன் இயக்க அமைப்பு தீர்வு கண்டுள்ளது. ஒவ்வொரு மென்பொருள் தொகுப்பின் ஹேஷும் ஒரு பட்டியலில் இடம்பெறும். அப்பட்டியலின் ஹேஷ் மற்றொரு கோப்பில் இடம்பெறும். அக்கோப்பில் டெபியன் அமைப்பின் மின்னணுக் கையொப்பம் இருக்கும். கணினி முதலில் கையொப்பத்தையும், அடுத்துப் பட்டியலையும், இறுதியில் தொகுப்பையும் சரிபார்க்கும். இவற்றுள் ஒன்று பொருந்தாவிடினும் எச்சரிக்கை எழும்.

கோப்பிற்கு ஹேஷ் சான்று. ஹேஷிற்குக் கையொப்பம் சான்று. சான்று தருபவர் யார் என்பதையும் வினவி அறிவதே கணினி யுகத்தில் நமக்கு வேண்டிய விழிப்புணர்வாகும்.

சிந்திக்க: கோப்பும் அதன் ஹேஷும் ஒரே இணையதளத்தில் மட்டும் கிடைக்குமாயின், அவை பொருந்துவதைக் கொண்டே கோப்பை நம்பலாமா? காரணம் தருக.