தளர்ந்த கால்களுக்குப் பயிற்சி: எப்போது, எவ்வளவு?

ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழா நாள்களில், குதிரைச் சந்தையைக் காட்டுவதற்காகக் குழந்தைகளைத் தோளில் தூக்கிச் செல்லும் தந்தையரை அந்தியூரில் எங்கும் காணலாம். அத்தகைய ஒரு நாளில் ஐந்து வயது மகளைத் தோளில் சுமந்தபடி ஒருவர் என் அறைக்குள் வந்தார். மூன்று நாள்களாக அவளால் தரையிலிருந்து எழ முடியவில்லை. கால் வலிக்கிறது என்று அழுதாள். இரு வாரங்களுக்கு முன் வயிற்றுப்போக்கு இருந்ததாம். முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், கால் துள்ளவில்லை.

இது கில்லன்–பாரே நோய். 1916ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர்கள் இதனை விவரித்துள்ளனர். 2025 ஜனவரியில் புனே நகரில் பலரைத் தாக்கியபோது செய்தித்தாள்களில் இதன் பெயரைப் படித்திருப்பீர்கள். கிருமியை எதிர்க்க எழுந்த நோய் எதிர்ப்பாற்றல், ஆள் தெரியாமல் நம் நரம்புகளையே தாக்குகிறது. தளர்ச்சி காலில் தொடங்கி மேலேறும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் உச்சத்தை எட்டும். மூச்சுத் திணறல், விழுங்குவதில் சிரமம், குரல் மெலிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

இமியூனோகுளோபுலின் மருந்து நரம்பின் மீதான தாக்குதலைத் தணிக்கும். ஆனால் சிதைந்த நரம்பு தானாகவே வளர்ந்தாக வேண்டும். உறை மட்டும் சிதைந்திருந்தால் சில வாரங்களில் சீராகலாம். நரம்பிழையே அறுபட்டிருந்தால் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். இடுப்பிலிருந்து பாதம் வரை உள்ள தொலைவை எண்ணிப் பாருங்கள். அதுவரை மூட்டுகள் இறுகாமல் காப்பதே இயன்முறை மருத்துவத்தின் முதற்பணி. ஆகவே அது குழந்தை நடக்கத் தொடங்கியபின் அன்று, படுக்கையில் சேர்த்த நாளிலேயே தொடங்குகிறது.

"வெளக்கெண்ணெ தடவி நல்லா இழுத்து நீவி உட்டாச் சரியாப் போகுமுங்களா டாக்டர்?" என்று சிறுமியின் அமுச்சி கேட்டார். இந்தக் கேள்வியை நான் கேட்காத மாதமில்லை. எண்ணெயில் தவறில்லை, இழுப்பதில்தான் தவறு. இந்நோயில் நரம்பே வலிக்கும். தளர்ந்த தசை மூட்டைத் தாங்காது. இழுத்தால் மூட்டு விலகவும் கூடும். மாறாக, மென்மையாக ஒவ்வொரு மூட்டையும் அது செல்லும் எல்லை வரை அசைத்துக் கொடுக்கலாம். பாதம் கீழ்நோக்கித் தொங்கியே கிடந்தால் குதிகால் தசைநாண் குறுகிவிடும். பின்னர் நரம்பு மீண்டாலும் குழந்தை நுனிக்காலில்தான் நடக்கும். பாதத்தை நிமிர்த்தி வைக்கும் ஸ்பிளிண்ட்டை இரவில் கழற்றி எறியும் குழந்தைகள் உண்டு. உறங்கியபின் மீண்டும் கட்டிவிடுங்கள்.

அடுத்த தவறு அன்பினால் நேர்வது. பட்டமேற்படிப்பு பயிலும் நாள்களில் நானே அதனைச் செய்திருக்கிறேன். எழுந்து நின்ற சிறுவன் ஒருவனை, இன்னும் நட, இன்னும் நட என்று வராந்தா முழுதும் நடக்க வைத்தேன். மறுநாள் அவனால் நிற்கவே முடியவில்லை. நான்கு நாள் பின்னடைவு. மீண்டுவரும் தசைக்குக் களைப்பு பொறுக்காது. பயிற்சி அளவானதா என்பதை மறுநாள் காலையில் பாருங்கள். குழந்தை முந்தைய நாளைவிடச் சோர்ந்திருந்தால் பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, எங்களிடம் தெரிவியுங்கள்.

சிறு குழந்தையிடம் பத்து முறை காலைத் தூக்கு என்றால் நடக்காது. பல்லாங்குழியில் புளியங்கொட்டை போடுவது விரல்களுக்குப் பயிற்சி. சோப்பு நுரைக் குமிழ் ஊதுவது மூச்சுக்கு. உட்கார்ந்தபடி பந்து பிடிப்பது முதுகுக்கு. ஐந்து நிமிட விளையாட்டு, பிறகு ஓய்வு, மீண்டும் ஐந்து நிமிடம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 15 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திடீர்த் தளர்ச்சி வந்தால் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுப்போம். போலியோ என்று அஞ்ச வேண்டாம். 2014இல் போலியோ அற்ற பகுதியாகச் சான்று பெற்ற பின்னரும் தொடரும் காவல் அது.

பர்கூர் மலையிலிருந்து வாரம் மும்முறை வந்து போவது எளிதன்று என்பதை அறிவேன். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நடக்கத் தொடங்கியதும் வருகையை நிறுத்திவிடும் குடும்பங்களே மிகுதி. ஆனால் பாதத்தை மேலே தூக்கும் தசைதான் பெரும்பாலும் கடைசியாக மீள்கிறது.

அச்சிறுமி ஐந்தாம் மாதத்தில் தனியே நடந்தாள். வலப் பாதம் இன்னும் சற்றுத் தட்டுகிறது. சனிக்கிழமைதோறும் வருகிறாள், ஸ்பிளிண்ட்டின் மேல் அவளே ஒட்டிய குதிரைப் படம் ஒன்று இருக்கிறது.